அளவுக் குச்சி

வந்து மூன்று வருஷம் ஆகியும் அந்த வீட்டில் அவள் பெயர் புதுசுதான். அவளுக்குப் பிறகு வந்த பூனைகூடப் பழகிப் பழசாகி, குட்டி போட்டு, அந்தக் குட்டிகளும் வீட்டு ஆளாகிவிட்டன. பெயரை வைத்தவள் நாத்தனார். "பழையவ உட்கார்ந்த இடத்துல வந்து உட்கார்ந்தவ புதுசுதானே" என்று ஒருநாள் விளையாட்டுப்போலச் சொன்னாள், ஒட்டிக்கொண்டது. கணவன் அவளை அப்படிக் கூப்பிடுவதில்லை. எப்படியுமே கூப்பிடுவதில்லை. தேவையிருந்தால் தொண்டையைக் கனைப்பான்.

அந்த மத்தியானம் நெசவுக்காரர் நூல் சிட்டங்களைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் போட்டபோது மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து விடாத தூறல். ஈர மூட்டை விழுந்த வேகத்தில் ரொட்டித் தட்டு நகர்ந்து குழம்புக் கிண்ணத்தில் இடித்தது.

"தறியில ஏத்தினா நிக்க மாட்டேங்குது" என்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ஒரு இழையை முடிச்சுப் போட்டுட்டு நிமிர்ந்தா அடுத்தது அறுந்து தொங்குது. நீ நெய்யறியா, முடிச்சுப் போடறியான்னு என் பொண்டாட்டி கேக்கறா."

"எங்க வீட்டு நூல் அப்படி இருக்காதேங்க" என்றாள் நாத்தனார், துக்க வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தி.

"இருந்ததில்ல. இப்ப இருக்கு."

"இப்பன்னா எப்பலருந்துன்னு உங்களுக்கே தெரியும்."

யாரும் அவளைப் பார்க்கவில்லை. கணவன் ரொட்டியைக் கிழித்தான். நெசவுக்காரர் கூரையைப் பார்த்தார். ஒருவரைப் பார்க்காமல் இருப்பதற்கு மூன்று பேர் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று அவளுக்குத் தோன்றியது.

"நெடுக்க ஓடற இந்தப் பாவு நூல் மட்டும் ஒழுங்கா வரணும். மழை விடறதுக்குள்ள தறியில ஏத்தியாகணும். இல்லன்னா நான் வேற வீடு பார்த்துக்கறேன். கோவிச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்த வீட்டுக்குப் பிழைப்பே பழங்காலம்தான். முன்பக்கப் பட்டறையில் கணவன் மிதி ராட்டைகளும் கையால் சுற்றிவிட்டு நூற்கிற தக்ளிகளும் கம்பளி சீவும் சீப்புகளும் செய்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எப்படிச் செய்தார்களோ அப்படியே, காலால் மிதித்து மரம் கடையும் கடைசலில், மின்சாரம் தொடாமல். பின்னறையில் பெண்கள் இருவரும் கம்பளியைச் சீவினார்கள், புதுசு நூற்றாள். நெசவுக்காரர் அந்த நூலில் பழைய மாதிரித் துணி நெய்து அருங்காட்சியகங்களுக்கும் நாடகக் கம்பெனிகளுக்கும் கொடுத்தார். அவர் கைவிட்டால் பின்னறைக்கு வேலை இல்லை.

"காதுல விழுந்துச்சா?" என்றாள் நாத்தனார், தட்டை வழித்துக்கொண்டே. "இந்தத் தடவையும் கெட்டுச்சுன்னா ராட்டைப் பக்கம் வராத. தொட்டிக்குப் போ. இல்ல, உங்க அண்ணன் வீட்டுக்குப் போ. ரெண்டுல எது கிட்டன்னு நீயே பார்த்துக்க."

தொட்டி கொல்லையில் இருந்தது. வெட்டிய கம்பளியை அழுக்கும் கொழுப்பும் போகச் சாம்பல் காரத்தில் கொதிக்க வைத்து அலசுகிற தொட்டி. அங்கே நிற்கிறவளுக்கு விரல் நுனித் தோல் உரிந்துகொண்டே இருக்கும். பிறகு அந்த விரலால் எந்தக் காலத்திலும் நூற்க முடியாது. அண்ணன் வீட்டில் அண்ணன் பெண்டாட்டி இருந்தாள். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

"நான் சரியாத்தான் நூக்கறேன் அண்ணி."

"கை சரியாத்தான் இருக்கும். மனசு சரியா இருக்கணுமே."

இதுதான் நாத்தனாரின் சட்டம். நூல் நூற்கிறவளின் மனசைக் காட்டிக் கொடுத்துவிடும் என்பாள். பொறாமைப்பட்டால் தடிக்கும், பயந்தால் மெலியும், பொய் சொன்னால் முறுக்கு நிற்காது. தானே முன்பு நூற்றவள்தான். இப்போது விரல்கள் கோணிப்போய், கம்பிச் சீப்பை மட்டும் வீசத் தெம்பிருந்தது. நூற்க முடியாமல் போனவளுக்கு நூற்கிறவளின் மனசை அளக்கிற வேலை கிடைத்திருந்தது. அந்த வேலையில் அவள் ஒருநாளும் விடுப்பு எடுத்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், புதுசும் அதை நம்பினாள். முதல் வருஷம் சிரித்துக்கொண்டாள், இரண்டாம் வருஷம் சந்தேகப்பட்டாள், மூன்றாம் வருஷம் நம்பிவிட்டாள். நூலில் ஒரு தடிப்பு வந்தால் நிறுத்தி, அந்த நேரம் என்ன நினைத்தேன் என்று தேடுவாள். தேடினால் கிடைக்காமலா போகும்? நாத்தனாரின் இருமலைக் கேட்டு எரிச்சல்பட்டது, கணவனின் முதுகைப் பார்த்து அந்த முதுகு திரும்பினால் என்ன என்று நினைத்தது, பார்த்தே இராத மூத்தவளை, அவனுடைய முதல் பெண்டாட்டியை, நினைத்தது. ஒவ்வொரு தடிப்புக்கும் ஒரு குற்றம் கிடைத்தது. இத்தனை கெட்ட எண்ணமா எனக்குள் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருக்கும். நோயாளி இருக்கிற அறைபோலத் தன் மனசைச் சத்தமில்லாமல் பெருக்கித் துடைத்து வைத்துக்கொண்டு உட்காருவாள். நூல் மட்டும் முன்னைவிட மோசமாக வரும்.

"அண்ணி இருந்தாளே, தங்கம்" என்பாள் நாத்தனார், மூத்தவளைப் பற்றி. தம்பியின் முதல் பெண்டாட்டியை அண்ணி என்று கூப்பிடுகிற அக்காவை அவள் இந்த வீட்டில்தான் பார்த்தாள். "கோவிச்சுக்கிட்டுப் போனா போனதுதான். ஆனா நூல்! தலைமுடி மாதிரி இருக்கும்."

மூத்தவள் செத்துப்போகவில்லை. வேறு ஊரில் இருந்தாள், அவ்வளவுதான். செத்துப்போனவளோடு போட்டி போடுவது சுலபமாக இருந்திருக்கும்.

நெசவுக்காரர் வந்துபோன மூன்றாம் நாள், புதுசு சீப்புகளை அடுப்பில் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். கம்பி சூடாக இருந்தால்தான் கம்பளியின் எஞ்சிய கொழுப்பு இளகி இழைகள் நேராகும். ஒரு சீப்பைத் தூணில் மாட்டி, அதில் கம்பளியைச் செருகி, இன்னொன்றைக் கையில் பிடித்து வீச வேண்டும். ஒரு சாண் நீளப் பற்கள். கவனம் பிசகினால் உள்ளங்கை போய்விடும்.

நாத்தனார் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வந்து நின்றாள். வெளியே போகாத நாளில் அவள் தலை வாருவதில்லை.

"இன்னிக்கு ஒருத்தங்க வராங்க. ராட்டையைத் துடைச்சு வை."

"யாரு அண்ணி?"

"ஃபோன் பண்ணி வரச் சொல்லியிருக்கேன். பாவு நூல் நூத்துக் கொடுத்துட்டுப் போகட்டும். இந்த வீட்டுப் பேரைக் காப்பாத்த ஆள் வேணுமில்ல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள். "அவருக்குத் தெரியுமா?"

"எவருக்கு? தம்பிக்கா? அவன்தான் நம்பர் கொடுத்தான்."

கையிலிருந்த சீப்பு சூடாக இருந்தது. அதை அப்படியே வீசினால் நாத்தனாரின் கன்னத்தில் எத்தனை பல் பதியும் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு பழக்க தோஷத்தில், இது எந்த இடத்துத் தடிப்பாக வரும் என்றும் நினைத்தாள்.

அந்தி சாயும் முன்னால் ஒரு சாமான் வண்டி வந்து வாசலில் நின்றது. முன் இருக்கையிலிருந்து குடையை விரிக்காமல் ஒருத்தி இறங்கினாள். குள்ளம், தடித்த உடம்பு, நரை விழுந்த தலை. அழகி ஒருத்தியை மூன்று வருஷமாக மனசுக்குள் வளர்த்து வைத்திருந்த புதுசுக்கு ஏமாற்றமாகவே இருந்தது. வந்தவள் பட்டறையைத் தாண்டி நடந்து வந்தாள். டக், தொப். டக், தொப். இடது செருப்பின் அடியில் கட்டை வைத்து உயர்த்தியிருந்தது.

மூன்று வருஷத்தில் இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை.

பட்டறையில் கடைசல் நின்றது. கணவன் எழுந்து நின்றான். மூத்தவள் அவனைப் பார்த்து, "இளைச்சிட்ட" என்றாள். அவன் தொண்டையைக் கனைத்தான். அவ்வளவுதான் அவர்கள் பேசியது.

நாத்தனார் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். "வா கண்ணு, வா. டீ குடி முதல்ல. இது ஓட்டை வீடா போச்சு நீ போனதுலருந்து."

"கூரை ஒழுகுதா?" என்றாள் மூத்தவள்.

"அதைச் சொல்லல."

"தெரியும்."

மறுநாள் காலையில் மூத்தவள் ராட்டையில் உட்கார்ந்தாள். புதுசு பக்கத்தில் சீவிக் கொடுக்க வேண்டும். அதுதான் நாத்தனார் செய்த ஏற்பாடு. ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக் கொடுத்தாலும் இந்தக் காட்சியை விட்டுக் கொடுக்க மாட்டாள். வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

மூத்தவள் செருப்பைக் கழற்றி, குட்டையான இடது காலை மிதிபலகையில் வைத்தாள். மூன்று வருஷமாகப் புதுசின் குதிகால் எந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தாமல் வழுக்கியதோ அந்தப் பள்ளத்தில், மாவில் பதிந்த கட்டைவிரல் மாதிரி, அந்தப் பாதம் போய் உட்கார்ந்தது. சக்கரம் சுற்றியது. முழங்கால் அசைவது தெரியவில்லை. தோள் அசையவே இல்லை. கம்பளி அவள் விரல்களிலிருந்து நூலாகி, முனகல்கூட இல்லாமல் உள்ளே போயிற்று.

"பார்த்துக்க" என்றாள் நாத்தனார். "நல்ல மனசுன்னா இப்படி."

மூத்தவள் திரும்பவில்லை. "எனக்கு நல்ல மனசா? இங்க இருந்தப்ப நீங்க சொல்லவே இல்லயே."

"எப்பவும் சொல்வேனே."

"எப்பவும் என் காலைப் பார்த்து ஒன்றரைன்னு கூப்பிடுவீங்க. ஒன்றரை வா, ஒன்றரை போ. மறந்துட்டீங்களா?"

"அது பிரியத்துல சொல்றது" என்று சொல்லிவிட்டு நாத்தனார் அடுப்பில் ஏதோ வைத்தது நினைவுக்கு வந்ததுபோல உள்ளே போனாள்.

புதுசு சீவிக் கொடுத்தாள், மூத்தவள் வாங்கிக்கொண்டாள். விரல்கள் படாமல் கொடுக்கவும் வாங்கவும் இருவருக்கும் தெரிந்திருந்தது.

"என்னைவிட ஒரு முழம் உயரமா இருக்க" என்றாள் மூத்தவள் திடீரென்று. "இதுல எப்படி உட்கார்ந்த?"

"எல்லாரும் உட்கார்ற மாதிரிதான்."

"முட்டி எங்க வரும்?"

புதுசு கம்பளியைச் சீப்பில் செருகினாள். முட்டி நெஞ்சுக்கு வரும். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு தூக்கிக் கொடுக்கும். ராட்டை என்றால் அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். பிறந்த வீட்டில் அவள் தக்ளியில் மட்டும் நூற்றவள். கல்யாணமாகி வந்த வாரம் கணவன் மூலையிலிருந்த இந்த ராட்டையைக் கையால் காட்டி, "அது இருக்கு" என்றான், போய் உட்கார்ந்தாள். வேறு ராட்டையில் உட்கார்ந்து பார்க்கவும் வழியில்லை. யாருக்காகச் செய்ததோ அவர் உட்காரும் முன் வேறு யாரும் உட்காரக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் கண்டிப்பு.

"உனக்கு அளவெடுக்கலையா அவன்?" என்றாள் மூத்தவள்.

அவன் அளவெடுப்பதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ராட்டை கேட்டு வருகிறவர்களை முக்காலியில் உட்கார வைப்பான். ஒரு புது மரக்குச்சியை எடுத்து, தரையில் மண்டியிட்டு, குதிகாலில் வைத்து முழங்காலில் ஒரு வெட்டு வெட்டுவான். தொடைமேல் கை எங்கே தானாக வந்து நிற்கிறதோ அங்கே இன்னொரு வெட்டு. யாரோ எவரோ, அவர்கள் காலடியில் அவன் அப்படிப் பொறுமையாக மண்டியிட்டிருப்பதைக் காபி கொண்டுபோகிற சாக்கில் அவள் நின்று பார்ப்பாள். ராட்டை முடிந்து போனதும் அந்தக் குச்சி மரம் ஒட்டும் பசைச் சட்டியின் அடுப்புக்குள் போய்விடும். பழைய அளவை வைத்துக்கொண்டிருந்தால் பழைய ஆளுக்குத்தான் ராட்டை செய்வோம் என்று அதற்குக் காரணம் சொல்வான். அவன் வாயிலிருந்து வந்த நீளமான வாக்கியங்களில் அது ஒன்று.

"இது எனக்குன்னு செஞ்சது" என்றாள் மூத்தவள். "மிதிபலகை ரெண்டு விரக்கடை தூக்கி, இடப்பக்கம் சாய்ச்சு வச்சிருக்கான். இதுல உட்கார்ந்து நீ நூல்னு ஒண்ணை எடுத்ததே பெரிசு. உனக்காகச் சொல்றேன்னு நினைக்காத. எனக்கு இந்த ராட்டை வேணும். வண்டியைத் திரும்ப வரச் சொல்லியிருக்கேன். இந்தப் பாவு முடிஞ்சதும் எடுத்துட்டுப் போகப்போறேன். நீ குறுக்க விழுந்து அழக் கூடாது பாரு, அதுக்காகச் சொல்றேன்."

"நான் அழ மாட்டேன்."

"நானும் அழல. எதுக்குப் போனேன்னு கேக்க மாட்டியா?"

"வேண்டாம்."

"அளவு தப்பாம எல்லாம் செஞ்சு கொடுத்தான். பேச்சுன்னு ஒண்ணு கொடுக்கல. அதான். கம்பளி கொடு, கை சும்மா இருக்கு."

சாப்பாட்டுக்குப் பிறகு புதுசு கொல்லைக்குப் போனாள். தொட்டிக்கு மேல் போட்டிருந்த தகரக் கூரையின் கீழ் நின்றாள். நெசவுக்காரர் திருப்பிக் கொடுத்த சிட்டங்களில் ஒன்று மடியில் இருந்தது. அதைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு, விரல்களுக்கிடையில் மெல்ல ஓடவிட்டாள்.

மெலிவு. தடிப்பு. மெலிவு. தடிப்பு.

மறுபடி ஓடவிட்டாள். ஒரு தடிப்பிலிருந்து அடுத்த தடிப்புக்கு ஒரு முழம். அடுத்ததற்கும் ஒரு முழம். சிட்டம் முடியும் வரை, இடம் மாறாமல், எல்லாம் ஒரு முழத்தில். எந்த மனுஷிக்கு இப்படி அளந்து வைத்துப் பொறாமை வரும்? எந்த வெறுப்பு ஒவ்வொரு முழத்துக்கும் சரியாகத் தலை காட்டும்? இது மிதி. மிதிக்கும்போதெல்லாம் இடுப்பு தூக்க, தோள் குலுங்க, கை வெட்டியிழுத்த இடம். கைக்கோளாறு என்றால் கண்ட இடத்தில் வரும். ஒரே தூரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அது சாதனக் கோளாறு. இந்தத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும்.

கணவனுக்கும் தெரியும். சிட்டங்களை அவன் எத்தனை தடவை கையில் எடுத்திருக்கிறான். அவன் விரலுக்குத் தெரியாமலா? நாத்தனார் மனசு மனசு என்று பேசும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்றானே.

பாரம் இறங்கினதுபோல இருக்கும் என்று பார்த்தாள். இல்லை. மூன்று வருஷமாக ஒப்புக்கொண்ட குற்றங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. தண்டனைதான் தப்பான இடத்துக்குப் போயிருந்தது. அந்தத் தடிப்புகளுக்கு அவள் காரணமில்லை, சரி. ஆனால் தேடித் தேடி எடுத்த அந்த எண்ணங்கள் அவளுடையவைதான்.

உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து தன் பழைய தக்ளியை எடுத்து வந்தாள். தகரத்தில் மழை சடசடக்க, நின்றபடியே நூற்றாள். இந்தத் தடவை மனசைப் பெருக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டாள். நாத்தனார் கால் வழுக்கித் தொட்டிக்குள் விழட்டும். கணவனின் கை கடைசலில் சிக்கட்டும். அந்தக் குள்ளச்சி வண்டியோடு ஆற்றில் போகட்டும். அண்ணனுக்கும் ஒன்று, அண்ணன் பெண்டாட்டிக்கும் ஒன்று என்று யாரையும் விடாமல் நினைத்தாள். தக்ளி சுற்றிச் சுற்றி இறங்கியது. சுற்றி முடித்து, நூலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

ஒரு தடிப்பு இல்லை. தலைமுடி மாதிரி இருந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தாள். பூனை எழுந்து வேறு இடத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

பாவு நூல் முடிந்த அன்றும் மழை விடவில்லை. நெசவுக்காரர் வந்து பட்டறை மேசையில் சிட்டங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். "இது நூல்" என்றார். "இதுக்குத்தான் நான் நடையா நடந்தேன்." நாத்தனார் தானே நூற்றதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

புதுசு தன் சின்னச் சிட்டத்தை மேசையில் வைத்தாள்.

அவர் எடுத்து இழுத்தார். மறுபடி இழுத்தார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டார். "இது ராட்டை நூல் இல்லயே."

"தக்ளி. நான்தான்."

"அடடா. பாவுக்கு இதைவிட எனக்கு வேற வேண்டாம். ஆனா தக்ளியில நீ நூத்து முடிக்கிறதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேனேம்மா. இதையே ராட்டையில எடு, இந்த வீட்டை விட்டு நான் எங்க போறேன்?"

"அன்னிக்கு மனசு கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்" என்றாள் நாத்தனார்.

"ஆமா அண்ணி. அன்னிக்கு உங்களைத்தான் நினைச்சுக்கிட்டே நூத்தேன். நீங்க எப்படிச் சாகணும்னு."

நெசவுக்காரர் சிட்டங்களை மூட்டைக்குள் அடுக்குவதில் மும்முரமானார்.

அப்போது பின்னறையிலிருந்து டக், தொப் என்று மூத்தவள் வந்தாள். ராட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். "ஒரு கை கொடு" என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். புதுசு போய் மறுபக்கத்தைத் தூக்கினாள்.

கணவன் கடைசலை விட்டு எழுந்து வாசலை மறித்து நின்றான். "அது போகாது."

"ஏன் போகாது?" என்று கேட்டது மூத்தவள் இல்லை, புதுசு.

"நான் செஞ்சதுலயே அதுதான் சரியா வந்தது."

"யாருக்குச் சரியா?"

அவன் தொண்டையைக் கனைத்தான். அவன் காப்பாற்ற நினைத்தது மூத்தவள் என்ற பெண்ணையா, தன் வேலையையா என்று அவள் அவன் முகத்தில் தேடினாள். பெண் என்றால் அவளால் புரிந்துகொள்ள முடியும். வேலை என்றால் அதைவிடக் கேவலம். இரண்டும் தெரியவில்லை. தெரியாமலே போகட்டும் என்று தோன்றியது.

"ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு தடிப்பு வருது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவன் மேசையைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"தெரியும்."

"பலகையைத் தாழ்த்தினா சரியாயிருக்கும்."

"தாழ்த்தினா அது கெட்டுடும்" என்றான் அவன். "ராட்டை."

"கேட்டீங்களா?" என்றாள் புதுசு, யாரிடம் என்று தெரியாமல். பிறகு ராட்டையின் காலால் அவன் முழங்காலை இடித்துக்கொண்டு நடந்தாள். அவன் விலகினான்.

வண்டியில் ஏற்றும்போது இரண்டு பேரும் நனைந்துவிட்டார்கள். மூத்தவள் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "அந்த ஜன்னல் பலகைக்கு முட்டுக் கொடுத்திருக்கானே, அது என் குச்சி" என்றாள். "வந்த அன்னிக்கே உள்ள நுழைஞ்சதும் பார்த்தேன். எல்லாருடையதையும் எரிச்சான், அதை எரிக்கல. பெருமையா இருக்குமா எனக்கு? பார்க்காத மாதிரி நடந்து போயிட்டேன்." முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினாள். நன்றி சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை.

புதுசு பட்டறைக்குள் வந்து, சாரல் அடிக்காமல் கதவைச் சாத்தினாள். பட்டறைக்கு ஒரே ஜன்னல், தரை மட்டத்திலிருந்தே தொடங்குவது. மேலே கீல் வைத்த கனத்த பலகை. அதைத் தள்ளித் தூக்கி ஒரு குச்சியால் முட்டுக் கொடுத்திருப்பார்கள். தினமும் காலையில் அதை எடுத்து முட்டுக் கொடுப்பது அவள்தான். கறுத்து, கைபட்டு வழவழத்த குச்சி. குனிந்து பார்த்தாள். இரண்டு வெட்டுகள் இருந்தன. குச்சியை நகர்த்தாமல் தன் காலை அதன் பக்கத்தில் ஒட்டி வைத்தாள். முதல் வெட்டு அவள் முழங்காலுக்கு எவ்வளவோ கீழே நின்றது.

குச்சியை உருவினாள்.

பலகை படாரென்று விழுந்தது. பட்டறை இருண்டது. நெசவுக்காரர் "ஐயோ, என் நூல்" என்றார். அவள் இருட்டில் அடுப்புச் சிவப்பைப் பார்த்து நடந்து, குச்சியை முழங்காலில் வைத்து ஒடித்து, பசைச் சட்டிக்கு அடியில் செருகினாள். காய்ந்த மரம், உடனே பிடித்துக்கொண்டது. பிறகு தடவித் தடவிப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வலது காலை நீட்டி வைத்தாள்.

"என்ன கூத்து இது?" என்றாள் நாத்தனார், இருட்டில் எங்கேயோ.

"எனக்கு ராட்டை வேணும். அளவெடுக்கச் சொல்லுங்க உங்க தம்பியை."

கணவன் நகரும் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு, "வெளிச்சம் இல்லாம எப்படி அளவெடுக்கறது?" என்றான்.

"முதல்ல ஜன்னலுக்கு ஒரு குச்சி வெட்டுங்க" என்றாள் அவள். "அப்புறம் எனக்கு ஒண்ணு."

பசைச் சட்டி கொதிக்கத் தொடங்கியது. பலகைமேல் மழை விழுந்துகொண்டிருந்தது. அவன் எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. அவள் காலை மடக்கவில்லை.